முதலில் மருத்துவரைக் கேளுங்கள்

திருவனந்தபுரத்துக்குச் செல்லும் தமிழர்களில், தம்மைச் சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொள்வோர் குறைவு. பத்மநாபசுவாமி கோயில் தரிசனம், மண்டலப் புற்றுநோய் மையத்திலோ ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலோ சேர்ந்திருக்கும் உறவினரைக் காணல், சாலைக் கடைத்தெருவில் ஒரு வணிக வேலை என ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டே நாம் அங்குப் போகிறோம். வேலை முடிந்து அரை நாள் மிஞ்சும்போதுதான் கோவளம் நினைவுக்கு வருகிறது. கோவளம் என்றதும் கடலோடு சேர்ந்து எண்ணெய்த் தேய்ப்பும் நினைவுக்கு வருகிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்; முழங்கால் வலி உள்ள தாயாரையும் அழைத்துப் போனால் என்ன என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பே.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடற்கரைச் சாலையில் பத்தடிக்கு ஒரு பலகை. எல்லாவற்றிலும் ‘ஆயுர்வேத’ என்ற சொல் இருக்கிறது; எல்லாவற்றிலும் நெற்றியில் எண்ணெய் ஒழுக, கண்மூடிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர் ஓர் இடத்தைப் பரிந்துரைக்கிறார். விடுதி வரவேற்பறையில் இருப்பவர் வேறோர் இடத்தைச் சொல்கிறார். எது மருத்துவம், எது பொழுதுபோக்கு, எது வெறும் பலகை என்று பிரித்தறிய வந்தவருக்கு வழியில்லை. அதைப் பிரித்தறியும் கடமையை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை என்பது நம் கருத்து. எனினும் நிலைமை சீராகும்வரை அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் நம்மிடம் உள்ள ஒரு தயக்கத்தைப் பேசிவிடுவோம். தமிழ்நாட்டு நகரங்களில் ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட களங்கம் நாம் அறிந்ததே. காவல்துறைச் சோதனை பற்றிய நாளிதழ்ச் செய்திகளில்தான் அச்சொல்லை நாம் அதிகம் படித்திருக்கிறோம். அதனால், கௌரவமான ஒருவர் அத்தகைய கடையின் வாசலில் நின்று நான்கு கேள்விகள் கேட்கவே கூச்சப்படுகிறார். விரைந்து உள்ளே நுழைந்து, விரைந்து பணம் கொடுத்து, விரைந்து வெளியேற விரும்புகிறார். தவறான இடங்கள் தழைப்பதற்கு இந்தக் கூச்சமே பெருந்துணை. உண்மையில், எண்ணெய் தேய்த்தல் நமக்கு அந்நியமானதன்று. சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் என்று நாள் வகுத்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்ட வீடுகள் நம்முடையவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் வர்ம ஆசான்கள் எண்ணெயும் கைவிரலும் கொண்டே எலும்பு முறிவையும் சுளுக்கையும் கவனித்துவந்தவர்கள். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சிக்குள்தான் இருந்தன. தெற்கன் களரியின் ஆசான்மார் அகத்தியரைத் தம் குருவாகக் கொண்டாடுவதும், அவர்களுடைய வர்மச் சுவடிகளில் தமிழ் விரவிக் கிடப்பதும் தற்செயலல்ல. ஆகவே, அங்குப் போய்க் கூச்சப்பட நமக்கு எந்தக் காரணமும் இல்லை. கேட்கும் உரிமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

மலையாளத்தில் ‘உழிச்சில்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருளன்று. உடல் முழுதும் எண்ணெய் பூசித் தேய்ப்பது அப்யங்கம். இளஞ்சூடான எண்ணெயைத் துணியில் நனைத்து, இருபுறமும் நின்று உடல்மீது இடைவிடாமல் பிழிந்து விடுவது பிழிச்சில். இதற்கு லிட்டர் கணக்கில் எண்ணெய் வேண்டும், இரண்டு பேருக்குக் குறையாமல் ஆட்கள் வேண்டும். நவர அரிசியைக் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்துத் துணிமுடிச்சாகக் கட்டி ஒற்றித் தேய்ப்பது நவரக்கிழி. நெற்றியில் எண்ணெய்த் தாரை விடுவது சிரோதாரை. களரியில் பயில்வோரின் உடலை வளைந்துகொடுக்கும்படி ஆக்குவதற்காக, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் தேய்க்கும் சவிட்டி உழிச்சில் தனி வகை. இவற்றுள் முதலாவதைத் தவிர மற்றவை எதுவும், கோயிலுக்கும் இரயிலுக்கும் நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில் செய்துகொள்ளும் காரியங்கள் அல்ல. முறையான சிகிச்சை ஏழு, பதினான்கு, இருபத்தொரு நாள் என்று நீளும். அது முடிந்த பிறகு, சிகிச்சை நடந்த அத்தனை நாளும் பத்தியத்தோடு ஓய்ந்திருக்க வேண்டும் என்பது பழைய வைத்தியர்களின் கண்டிப்பு. அந்த ஓய்வுக்கு ‘நல்லிரிக்கை’ என்றே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். காலம்கூடக் கணக்கில் உண்டு. நம் ஆடி மாதம் அங்குக் கர்க்கடகம். மழை கொட்டும் அந்த மாதமே உழிச்சிலுக்கு உகந்தது என்பது கேரளத்து வழக்கம். பயணிகள் திரளும் மார்கழி, தை மாதங்களில் கட்டணம் ஏறி நிற்கும். வைத்தியர் உகந்தது என்று சொல்லும் மழைக்காலத்தில் அதுவே இறங்கியிருக்கும். சிக்கனமானவர்களுக்கு இதைவிட இனிய முரண்பாடு வாய்க்காது.

எனவே, ஒரு மணி நேரத்தில் கிடைப்பது அப்யங்கம் மட்டுமே, அதுவும் நல்லதுதான். நன்கு செய்யப்பட்ட அப்யங்கம் உடம்பை இளக்கி நல்ல உறக்கம் தரும். அதை அந்த அளவில் சொல்லி விற்கும் கடையில் நமக்குக் குறையில்லை. ஒரே அமர்வில் மூட்டுவாதம் தீரும், சர்க்கரை குறையும், முதுகுத்தண்டு நேராகும் என்று பலகை வைத்திருக்கும் கடையைத்தான் நாம் ஐயுறுகிறோம்.

நல்ல இடத்தை அறிய எங்களிடம் உள்ள அளவுகோல் எளியது: அங்கே மருத்துவர் இருக்கிறாரா, அவர் நம்மைப் பார்த்த பிறகுதான் கை வைக்கிறார்களா? ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அத்தனை ஆண்டு படித்த ஒருவர் பத்து நிமிடம் செலவிட்டு, இரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, காய்ச்சல் உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா என்று கேட்டால் அது சடங்கன்று. காலின் ஆழ்நரம்பில் இரத்தம் உறைந்திருப்பவருக்கு அந்தக் காலை அழுத்தித் தேய்த்தால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போருக்கு அழுத்தமான தேய்ப்பு உட்கசிவை உண்டாக்கலாம். எலும்பு தேய்ந்த முதிய பெண்மணிக்கு, இளைஞனுக்குக் கொடுக்கும் அழுத்தம் ஆகாது. முழங்கால் வலி என்று அழைத்துவரப்படும் அந்தத் தாயாருக்கு இவற்றில் இரண்டு மூன்று இருக்க வாய்ப்பு உண்டு. ‘அம்மாவுக்கு இன்று வேண்டாம், முதலில் காலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் இடம், அன்றைய வருமானத்தை இழந்து நம் நம்பிக்கையைச் சம்பாதித்த இடம். அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று. கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்களிலேயே உண்டு, சுகமாகவும் இருக்கும். அரிதாக எனினும், திடீரென்று முறுக்கப்படும் கழுத்தில் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. எந்த ஊரிலும், எவர் கையிலும், இதற்கு மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதே நலம்.

கேரளச் சுற்றுலாத்துறை இந்தக் குழப்பத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை. ஆயுர்வேத மையங்களைத் தரம் பிரித்து, ‘கிரீன் லீஃப்’, ‘ஆலிவ் லீஃப்’ என்ற இரு இலைச் சின்னங்களை அது வழங்கியது. பின்னர் ஆயுர் டைமண்ட், ஆயுர் சில்வர் என்று புதுப் பெயர்களும் வந்தன. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்ற மருத்துவரின் மேற்பார்வை, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே தேய்ப்பது, கழிப்பறையோடு இணைந்த தனிச் சிகிச்சை அறை, உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்து ஆகியவை இத்தரப்படுத்தலின் அடிப்படை நிபந்தனைகள். நல்ல நிபந்தனைகள்தாம். இவற்றுள் ‘ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்’ என்பதை நாம் குறிப்பாக வற்புறுத்துகிறோம். ‘யார் வேண்டும், ஆணா பெண்ணா?’ என்று வாசலிலேயே கேட்கும் கடையில் அதற்குமேல் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை, திரும்பிவிடலாம். அது வாடிக்கையாளரின் மானத்தை மட்டும் பொறுத்ததன்று. அந்த அறையில் நாள் முழுதும் நின்று உழைக்கும் பெண்களின் பாதுகாப்பைப் பொறுத்தது. பயிற்சி பெற்று, குடும்பத்தைத் தாங்கும் அவர்கள், சில வாடிக்கையாளர்களின் நடத்தையாலும் அக்கம்பக்கத்தாரின் பேச்சாலும் படும் துன்பத்துக்கு நாமும் பொறுப்பு.

ஆனால், சின்னங்கள் பேசும் மொழியில்தான் நமக்கு மனக்குறை. இலையும் வைரமும் வெளிநாட்டவரை எண்ணி வகுக்கப்பட்டவை, பெயர்களும் ஆங்கிலம். தென்காசியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் முதியவர் அந்த இலையைப் பார்த்து, மூலிகைக்கடை என்று நினைத்துக் கடந்துவிடுவார். ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் மருத்துவரின் பெயர், அவருடைய பதிவு எண், அவர் இருக்கும் நேரம், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கட்டணம் ஆகியவை மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாகத் தமிழ் வழங்கும் ஒரு நகரத்தில் இது பெரிய கோரிக்கையன்று.

தாய்லாந்து இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ‘நுவாட் தாய்’ எனப்படும் அந்நாட்டு மரபுப் பிடித்துவிடும் கலையை, 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பாங்காக்கின் வாட் போ புத்தர் கோயில் அதன் தாய்வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் இராமன் காலத்தில் உடலின் நாடிவழிகளைக் காட்டும் வரைபடங்கள் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டன. அக்கலையின் ஆதிகுருவாக அவர்கள் வணங்குவது புத்தருக்கு மருத்துவம் பார்த்த ஜீவகரை. அவர் நம் நாட்டவர். தொளதொளப்பான ஆடை அணிந்தபடி, தரையில் விரித்த மெத்தையில், எண்ணெயே இல்லாமல், கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, கால் என்று அழுத்தி இழுத்துச் செய்வது நுவாட் தாய். கேரளத்துக் கிழி போன்றே மூலிகை முடிச்சு ஒற்றுவதும் அதில் உண்டு. அங்கேயும் இக்கலையின் பெயரால் வேறு தொழில் நடந்தது. நாட்டின் பெயருக்கே இழுக்கு வந்தது. 2016-இல் நலவாழ்வு நிலையங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, கடைக்கு உரிமமும் தேய்ப்பவருக்குப் பதிவும் கட்டாயமாக்கினார்கள். எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால், வருகிறவர் சுவரில் சான்றிதழைத் தேடலாம், இல்லையென்றால் வெளியேறலாம் என்ற நிலை அங்கு உண்டு. நம் நகரங்களின் வணிக வளாகங்களில் ‘தாய் மசாஜ்’ என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளுக்கு ஒரு சோதனை இதிலிருந்தே கிடைக்கிறது: ஆடை களையச் சொல்லி எண்ணெயை எடுத்தால், அது தாய்லாந்து மரபன்று.

திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். ஆச்சரியம் என்னவெனில், பயணிகளில் பெரும்பாலோர் கடற்கரையில் தேடிக்கொண்டிருப்பது நகரின் நடுவிலேயே இருக்கிறது. 1889-இல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் பாடசாலையாகத் தொடங்கப்பட்ட அரசு ஆயுர்வேதக் கல்லூரி இன்றும் மருத்துவமனையோடு இயங்குகிறது. பூஜப்புரையில் பஞ்சகர்ம சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கோட்டைப் பகுதியில் 1956-இல் நிறுவப்பட்ட சி.வி.என். களரியில் அதிகாலைப் பயிற்சி முடிந்த பிறகு, களரி முறைச் சிகிச்சைக்காக அடிபட்டவர்களும் சுளுக்கிக்கொண்டவர்களும் காத்திருப்பர். நகருக்கு வெளியே போத்தன்கோட்டில் சாந்திகிரி ஆசிரமம் சித்த மருத்துவக் கல்லூரியே நடத்துகிறது. அரசு மருத்துவமனையில் மெல்லிசை இருக்காது, வாசனைத் திரி இருக்காது, வரிசை இருக்கும். சேர்க்கைக்கு இடம் கிடைக்க நாளாகலாம். ஆனால், உண்மையான நோய் உள்ளவர் போக வேண்டிய இடம் அதுவே. ஓய்வுக்குப் போகிறவர் கடற்கரைக்குப் போகட்டும். இந்த இருவரும் ஒரே வாசலில் நிற்பதால்தான் இருவருக்கும் ஏமாற்றம்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். தான்வந்தரம், க்ஷீரபலா, சகசராதி என்று ஒவ்வொரு தைலத்துக்கும் உரிய இடம் வேறு. எதைப் பூசுகிறார்கள் என்று கேட்கலாம், புட்டியைக் காட்டச் சொல்லலாம். உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் அதில் இருக்க வேண்டும். கேரள அரசுக்கே ‘ஔஷதி’ என்ற மருந்து நிறுவனம் திருச்சூரில் இருக்கிறது. தரமான தைலம் கிடைக்காத மாநிலமன்று அது. பிழிச்சிலில் பிழிந்த எண்ணெயை அதே நோயாளிக்கு மறுநாளும் பயன்படுத்துவது மரபில் உண்டு. மற்றொருவருக்குப் பயன்படுத்துவது உண்டு என்று எவராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வங்கி இதழின் கட்டுரை முடியாது. இருபத்தொரு நாள் சிகிச்சைக்கு முழுத் தொகையையும் முன்னதாகச் செலுத்தினால் பெருந்தள்ளுபடி என்று சொல்லும் இடங்கள் உண்டு. மூன்றாம் நாளே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்த வேண்டியிருந்தால் மீதித் தொகை திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்காமல் செலுத்தாதீர்கள். வாரந்தோறும் செலுத்தும் முறைக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தைவிட ஒத்துக்கொள்ளும் இடம் மேல். இணையத் தேடலில் முதலில் தென்படும் தொலைபேசி எண்ணை நம்பி முன்பணம் அனுப்புவோர், யு.பி.ஐ. திரையில் நிறுவனத்தின் பெயர் வருகிறதா, யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே இரகசிய எண்ணை இடுதல் வேண்டும்.

இரசீது வாங்குவதில் மற்றொரு பயனும் உண்டு. ஆயுர்வேதம் உள்ளிட்ட அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் மருத்துவர் தரும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, புத்துணர்ச்சிக்காகச் செய்யப்படும் தேய்ப்புக்கு வரி உண்டு. பலகையில் ‘சிகிச்சை’ என்று எழுதி, இரசீதில் புத்துணர்ச்சிச் சேவைக்கு வரி போட்டிருந்தால், அந்த இடம் தன்னைப் பற்றித் தானே உண்மையைச் சொல்லிவிட்டது என்று கொள்ளலாம். காப்பீட்டிலும் இதே பிரிவினைதான். ஆயுஷ் சிகிச்சைகளை மற்ற மருத்துவத்துக்கு நிகராகக் கருத வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதைக் கேட்டு, கடற்கரை விடுதியில் பத்து நாள் தங்கியதற்கான செலவைக் கோரினால் கிடைக்காது. தகுதிபெற்ற ஆயுஷ் மருத்துவமனையில், மருத்துவர் பரிந்துரையின்பேரில், உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பொதுவாக அது பொருந்தும். புறப்படும் முன் பாலிசியில் உள்ள ஆயுஷ் பிரிவைப் படித்து, அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் விசாரித்துக்கொண்டால், திரும்பிவந்து வாதாட வேண்டியிராது.

தேய்த்து முடித்தவுடன் எண்ணெய்த் தலையோடு குளிர்பதனப் பேருந்தில் ஏறிவிடாமல், பயற்றுமாவு தேய்த்து வெந்நீரில் குளித்துச் சற்று நேரம் அமர இடம் உண்டா என்பதையும் கடைசியாக விசாரியுங்கள். அடுத்தவருக்கு அறை வேண்டும் என்று பத்து நிமிடத்தில் எழுப்பிவிடும் இடங்களும் அந்தச் சாலையில் இருக்கின்றன.